அலாய் சக்கரங்கள் (புதுப்பிப்பு): மூன்று முடிந்தன, நான்காவது கைவிட்டது

என் பழைய காரின் 14 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) சக்கரங்களில் கிளியர் கோட்டுக்கு, அதாவது நிறமற்ற மேல்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளை அரிப்பு ஓடுகிறது, பாலிஷ் போடுவதா பெயிண்ட் அடிப்பதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பெயிண்ட்தான். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவன் வெற்று அலுமினியத்தைப் பளபளவென்று வைத்திருக்க நினைத்தால் வேறு பிழைப்பு பார்க்க முடியாது.

பழைய பெயிண்ட்டை உரிக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொன்னவருக்கு: உடைந்த அலுமினிய மூடி ஒன்றில் சோதித்தேன். நுரைத்துப் பொங்கிக் கறுத்துவிட்டது. காரம் பெயிண்ட்டோடு அலுமினியத்தையும் தின்கிறது. கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. நல்லவேளை, சக்கரம் தப்பியது. பெயிண்ட் ரிமூவரும் பிளாஸ்டிக் சுரண்டியுமே போதுமானவையாக இருந்தன.

பிறகு உப்புத்தாள்: சொரசொரப்பான 180-ஆம் எண், 320, கடைசியில் நைசான 600. முழங்கை இன்னும் வலிக்கிறது. உலோகத்தில் பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான எட்ச் ப்ரைமர் அடித்ததும் முதல் சக்கரத்தில் மீன் கண்ணைப் போல வட்ட வட்டமாகப் பூச்சு விலகியது. டயருக்குத் தடவிய பாலிஷில் இருந்த சிலிக்கானின் வேலை அது. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, மெழுகு நீக்கும் திரவத்தால் இரண்டு முறை துடைத்து, மறுபடி அடித்தேன்.

நான்காவதில் பெயிண்ட் போனதும் உள்விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பற்றவைத்துத் தரலாம் என்றார் டயர் கடைக்காரர். எனக்கு மனம் வரவில்லை. நான்கு போல்ட், போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், அப்படி ஒற்றைச் சக்கரம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.