நேட்டாலுக்குப் போன பூட்டனார்: தடம் தேட உதவுங்கள்

வணக்கம். என் அம்மாச்சியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் உபதேசியாராக (சபையில் வேதம் போதிப்பவராக) இருந்தவர். 1890-களில் கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார். 1860-லிருந்து அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த நம் ஜனங்களுக்குத் தமிழில் ஊழியம் செய்யத்தான். திரும்பி வரவேயில்லை.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதம். மடிப்புகளில் கிழிந்து, மை பழுப்பேறிவிட்டது. ‘டர்பன்’ என்ற ஊர்ப்பெயரும் ‘ராத்திரிப் பள்ளி நடத்துகிறேன்’ என்ற வரியும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. அம்மாச்சி அதைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் காத்தார்.

ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் தேடினேன், பெயர் இல்லை. மிஷன் செலவில் போனவர் அதில் வரமாட்டார்தான். ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.யின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்திலும் மெத்தடிஸ்ட் சபை மிஷன் ஆவணங்கள் லண்டன் சோயாஸ் கல்லூரி நூலகத்திலும் உள்ளன. ஆனால் அவரை அனுப்பியது எந்தச் சபை என்பதே பிடிபடவில்லை.

டர்பன் செயின்ட் எய்டன்ஸ் ஆலயப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் தேடிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் வழிகாட்டுங்கள். எங்கிருந்து தொடங்கலாம்? அம்மாவுக்கு 81 வயது. அவருடைய தாத்தாவின் கல்லறை எந்த ஊரில் என்றாவது அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.