விசிறி பாம் விதையில் வண்டு: உங்களுக்கு என்ன நடந்தது?

கன்னங்குறிச்சி மாடி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா வாசலில் விசிறி பாம் (விசிறி மாதிரி ஓலை விரிக்கிற அழகுப் பனை) மரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தது. கேட்டுவிட்டுத்தான் பொறுக்கினேன், மொத்தம் 54. வீட்டுக்கு வந்து சதையை உரித்து, விதையை முளைக்க வைக்க ஈரத் தேங்காய் நார்த்தூளோடு ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் வைத்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் இளஞ்சூடாக இருப்பது அந்த ஓர் இடம்தான்.

12ஆம் நாள் கவரின் ஓரத்தில் ஏதோ தூள். நார்த்தூள் இல்லை, அதைவிட வெளுப்பு, சலித்த மாவு மாதிரி. ஒரு விதையை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பென்சில் முனையால் குத்தியது போல ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் பளபளவென்று பழுப்பு நிறத்தில் ஒரு மூடி. பிசின் உறைந்திருக்கிறது என்று நினைத்து ஊசி முனையால் தொட்டேன். மூடி உள்ளே நகர்ந்தது.

வண்டு! தன் பின்பக்கத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தவள், அன்று ராத்திரி சோறு தின்னும்போதும் அந்த நகர்வுதான் கண்ணுக்குள்.

மாமியார், "பருப்பு வண்டுதானே, மொட்டை மாடி வெயில்ல கொட்டு" என்றார். சேலத்து வெயிலில் பாம் விதையைக் காயப் போட்டால் அப்புறம் முளைக்கவா போகிறது? பக்கெட் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு இரண்டு நாள் ஊற வைத்தேன், தினம் தண்ணீர் மாற்றி. 19 மிதந்தன, 35 மூழ்கின. மிதந்ததெல்லாம் சொத்தை என்று ஒதுக்கியாயிற்று. ஆனால் மூழ்கியதிலும் 8 விதையில் ஓட்டை இருக்கிறது. அந்த எட்டை என்ன செய்ய? யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

காபிக்கொட்டை:

அது பருப்பு வண்டு இல்லைங்க. எங்கள் காபித் தோட்டத்துக் காய்த்துளைப்பானுக்குப் பங்காளி. இரண்டும் ஒரே குடும்பம், உங்களுடையது கொஞ்சம் செம்பழுப்பு, எங்களுடையது கறுப்பு, அளவு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். காய்த்துளைப்பான் 1990இல் கூடலூர்ப் பக்கம் தலைகாட்டியது, அதற்கு முன் நம் நாட்டில் அதைக் கண்டவர் இல்லை. இப்போது மலைமேல் அதைத் தெரியாத வீடு கிடையாது.

என் கதை வேறு, வெட்கம்தான். நாங்கள் துளை விழுந்த காபிக் காயைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்துத்தான் களத்தில் பரப்புவோம். உள்ளே இருக்கிற வண்டு அதிலேயே முடிந்துவிடும். போன வருஷம் கூந்தப்பனை விதை 40 சேர்த்தேன். வெறுங்கையால் பழத்தை உரித்ததில் இரண்டு நாள் கை முழுக்க அரிப்பு, அது தனிக்கதை. விதையில் ஓட்டையைப் பார்த்ததும் கை பழக்கம், அண்டா கொதித்துக்கொண்டிருந்தது, முக்கிவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து "முளைக்கப் போடறதையா வேக வைக்கறீங்க?" என்று கேட்டாள். காதில் வாங்கவில்லை.

நான்கு மாதம் தண்ணீர் தெளித்தேன். கடைசியில் ஒன்றை வெட்டிப் பார்த்தால் கரு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு துளி. நாற்பதும் அப்படியே. காபிக்கொட்டை முளைக்க வேண்டியதில்லை, அதனால் கொதிநீர் சரி. இது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பாக்குத்தோப்பு:

வாழப்பாடியிலிருந்து எழுதுகிறேன். முதல் பதிவு போட்ட தங்கச்சி, "மிதந்தால் சொத்தை" என்று யார் சொன்னது? எல்லா மரத்துக்கும் ஒரே சட்டமா?

எங்கள் கமுகில் நாற்றுக்கு நெற்றைத் தேர்ந்தெடுப்பதே மிதக்க விட்டுத்தான். நன்றாகப் பழுத்த, 35 கிராமுக்கு மேல் எடையுள்ள பாக்கை மட்டையோடு தண்ணீரில் விட்டால், காம்புப் பக்கம் மேலே பார்த்தபடி நட்டுக்குத்தலாக மிதப்பதுதான் விதைக்கு ஆகும். அதையே அந்த வாக்கில் மணலில் பதிப்போம், ஒன்றரை மாதத்தில் முளை எட்டிப் பார்க்கும்.

இரண்டு வருஷம் முன்னால் வேலைக்கு வந்த பையன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மிதந்ததை எல்லாம் வாரி எருக்குழியில் கொட்டிவிட்டு, அடியில் கிடந்ததைப் பாத்தியில் பதித்து வைத்திருந்தான். நான் ஆத்தூர் சந்தையிலிருந்து வந்து பார்க்கிறேன், எருக்குழி நிறைய என் தோப்பின் நல்ல நெற்று. திட்டக்கூட வாய் வரவில்லை. அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

சதை உரித்த விசிறி பாமுக்கு நீங்கள் செய்தது பொருந்தலாம். உள்ளே குடைந்து காலியானால் மிதக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒதுக்கும் முன் நாலைந்தைப் பாக்குவெட்டியில் வைத்து வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். பருப்பு கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் அது ஏன் மிதந்தது என்று யோசிக்கலாம்.

கன்னங்குறிச்சி மாடி:

அண்ணா, 19ஐயும் இன்று காலைதான் குப்பை வண்டியில் போட்டேன். போங்கள்.

ரவை டப்பா:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவையில் வண்டு வந்தால் ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து எடுப்பேன், ஒன்று மிஞ்சாது. அதே மாதிரி ஃபாக்ஸ்டெயில் பாம் விதை 12ஐ வைத்தேன். ஒன்று 60 ரூபாய் என்று நர்சரியில் கெஞ்சி வாங்கியது. வண்டும் போயிற்று, விதையும் போயிற்று. வெப்பப் பிரதேசத்து விதைக்குள் ஈரம் இருக்குமாம், அது உறைந்தால் கரு அவ்வளவுதானாம். இதை எனக்குச் சொன்னது விதை விற்ற அதே நர்சரிக்காரர், நான் இரண்டாம் முறை வாங்கப் போனபோது.

ஓய்வில் இருப்பவன்:

இதைப் படிக்கிற யாரும் நெல் குதிருக்கு வைக்கிற பூச்சிக்கொல்லி மாத்திரையை விதைக்கு வைக்காதீர்கள். எங்கள் மைத்துனர் வைத்தார். பாம் விதை, ஜிப் கவர், படுக்கையறை அலமாரி. அழுகிய மீனும் பூண்டும் கலந்தது போல நாற்றம் வந்தது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். நல்லவேளை, அவ்வளவோடு போயிற்று.

இனிக் கவனமாகப் படியுங்கள். அந்த மாத்திரை காற்றில் இருக்கிற ஈரம் பட்டே நச்சு வாயுவாக மாறும். நீங்களோ ஊற வைத்து எடுத்த விதையோடு வைக்கிறீர்கள், இன்னும் வேகமாக மாறும். ஜிப் கவர் அதை அடைத்து வைக்காது. அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. மூக்குக்கு நாற்றம் தெரியவில்லை என்றால் ஆபத்து இல்லை என்றும் அர்த்தம் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் செய்கிற வேலை அது. வீட்டில் தரையடி அறை, மச்சு, குளியலறை எங்கேயும் கூடாது. "கொஞ்சூண்டு உடைத்து" வைப்பதும் கூடாது. ஏற்கெனவே வைத்திருந்தால் கையால் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் ஆள் கூப்பிடுங்கள். தலைசுற்றல், குமட்டல், நெஞ்சு அடைப்பு என்றால் உடனே 108. அப்புறம், எந்தப் பூச்சிமருந்தில் ஊற வைத்தாலும் அந்தப் பக்கெட்டைத் திரும்பக் குளிக்க எடுக்காதீர்கள். கையுறை போடுங்கள். மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், நம் ஊர்ச் சாக்கடை எந்த ஏரிக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

காபிக்கொட்டை:

ஐயா, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இங்கே மாத்திரை பற்றி யாரும் கேட்கவே இல்லை, தங்கச்சி கேட்டது எட்டு விதை.

அந்த எட்டுக்கு என் பதில்: ஊற வைத்ததில் வெளியே வந்த வண்டு செத்திருக்கும், ஆழத்தில் இருப்பது உறுதியில்லை. இந்த இனத்தில் தாய் வண்டு விதைக்குள்ளேயே முட்டை வைத்து, பொரிந்த அண்ணன் தங்கைகள் உள்ளேயே கூடிவிடும். ஆண்கள் கொஞ்சம்தான், அவற்றால் பறக்க முடியாது. வெளியே வருகிற பெண் கருவுற்றேதான் வரும், நேராக அடுத்த விதையைத் துளைக்கும். அதனால் எட்டையும் மற்ற 27இலிருந்து பிரித்து வையுங்கள். எங்கள் தோட்டத்தில் அறுவடைக்குப் பிறகு தரையில் கிடக்கிற காயை ஒன்று விடாமல் பொறுக்கச் சொல்வார்கள், காரணம் இதேதான். நீங்கள் தரையில் கிடந்ததைப் பொறுக்கினீர்கள் என்றதுமே நினைத்தேன். குலையிலிருந்து பறித்திருந்தால் இவ்வளவு இருந்திருக்காது.

மேச்சேரி வெயில்:

நடுவில் நுழைகிறேன், பனை ஆள். இவ்வளவு பாடு எதற்கு? பனங்கொட்டையை ஆவணி புரட்டாசியில் மண்ணில் அடுக்கி வைத்தால் தை மாதம் கிழங்கு. ஊறலும் கிடையாது, கவரும் கிடையாது.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. போன பொங்கலுக்கு கிழங்கு பிடுங்கியபோது, மேலே கிடந்த கொட்டையைப் பிளந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற தவுணைப் பேரனுக்குக் கொடுத்தேன். இரண்டு கடி கடித்துவிட்டு, "தாத்தா, இதுல சன்னல் இருக்கு" என்றான். பார்த்தால் தவுணில் சின்னச் சின்னத் துளை, ஓரத்தில் வெள்ளைப் புழு. அந்தக் கொட்டையின் கிழங்கு நன்றாகத்தான் இறங்கியிருந்தது, கை நீளம். உள்ளே தின்னத் தின்ன, கீழே வளர்ந்திருக்கிறது. புழு எப்போது உள்ளே போனது, முளை விட்டதற்கு முன்பா பின்பா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பேரன் அதற்கப்புறம் தவுண் தொடுவதில்லை.

பாக்குத்தோப்பு:

பனங்கொட்டையையும் கையகல ஜிப் கவர் விதையையும் ஒப்பிடாதீர்கள் பெரியவரே. பனை முளை நேராக மண்ணுக்குள் இறங்கும், அதைக் கவரில் போட்டால் எங்கே இறங்கும்? கவர் முறை சின்ன விதைக்குத்தான்.

கன்னங்குறிச்சி மாடி:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். 27இல் 9 முளைத்துவிட்டன, தொட்டிக்கு மாற்றியாயிற்று.

எட்டைத் தனியாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டி வைத்தேன். பாக்குத்தோப்பு அண்ணன் சொன்னதால் மாமியாரின் பாக்குவெட்டியைக் கடன் வாங்கி முதலில் ஒன்றை வெட்டினேன். கல் மாதிரி இருக்கும் என்று பார்த்தால் ரொட்டி மாதிரி நொறுங்கியது. உள்ளே சுரங்கம் சுரங்கமாகப் போய், நடுவில் ஒரு சின்ன அறை. அதில் வைக்கோல் நிறத்தில் குறைந்தது இருபது இருக்கும், இன்னும் நிறம் ஏறாத குஞ்சு வண்டுகள். இரண்டு நாள் சோப்புத் தண்ணீரில் கிடந்த விதை! மாமியார் பாக்குவெட்டியைப் பிடுங்கிக் கழுவி, இரண்டு நாள் வெற்றிலையே போடவில்லை.

அடுத்த ஆறு விதையைப் பழைய தாளில் பொதிந்து அடுப்பில் எரித்துவிட்டேன். ஒன்று பாட்டிலின் அடியில் நார்த்தூளுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது, கவனிக்கவில்லை. நேற்று பாட்டிலைக் கழுவ எடுத்தால் அது முளைத்திருக்கிறது. ஓட்டை ஒரு பக்கம், வெள்ளை முனை எதிர்ப்பக்கம், கால் அங்குலம். வண்டு கருவைத் தொடாமல் பருப்பை மட்டும் தின்றிருக்க வேண்டும்.

ஓட்டையில் ஊசியை விட்டேன். எதுவும் நகரவில்லை. ஆனால் இன்று காலை பாட்டில் அடியில் திரும்பவும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். மற்ற ஒன்பது தொட்டியும் இதே மாடியில்தான் இருக்கின்றன. காபிக்கொட்டை அண்ணா, இதை நடட்டுமா, எரிக்கட்டுமா?