அம்மாவுக்குப் பல் கிளீனிங் செய்த விதம் சரிதானா?

கோபித் தோட்டத்துக்காரன்:

வணக்கமுங்க. அம்மாவுக்கு 64 வயசு, ரொம்ப வருசமாகச் சுகர். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று சொன்னதால் போன வாரம் டவுனில் ஒரு பல் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "பல்லுல கெட்டியாப் படிஞ்ச காரை நிறைய இருக்கு, கிளீன் பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டார். கிளீன் செய்தது ஒரு பெண். சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஷினை வைத்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. கருவியைக் கவரில் இருந்து பிரித்து எடுத்ததாகவும் தெரியவில்லை. ட்ரேயில் கிடந்ததைப் பஞ்சால் துடைத்து எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததில் இருந்து அம்மா, "பல்லுக்கு நடுவுல சந்து உளுந்துருச்சு, மிஷினை வெச்சுப் பல்லைத் தேச்சுப்புட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதை டாக்டர்தான் செய்ய வேண்டுமா? கருவியைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சிங்காநல்லூர் ஹைஜீனிஸ்ட்:

நான் கோயமுத்தூரில் டென்டல் ஹைஜீனிஸ்டாக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது அண்ணா.

டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. 1948ஆம் வருடத்துப் பல் மருத்துவர் சட்டத்திலேயே எங்கள் வேலையை எழுதியிருந்தார்கள்: காரை எடுப்பது, பல்லைச் சுத்தம் செய்து பாலிஷ் போடுவது, வாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித் தருவது. டிப்ளமோ இரண்டு வருடம். படித்து முடித்து மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர் காரை எடுக்கக் கூடாது. ஆனால் டோக்கன் கொடுக்கவும் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கவும் வேலைக்கு வந்த பெண்ணின் கையில் மிஷினைக் கொடுத்துவிடும் கிளினிக்குகளும் உண்டு. உங்கள் அம்மாவுக்குச் செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. பதிவு இல்லாதவர் என்றால் அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன், கொடுத்தவரைத்தான் சொல்வேன்.

என்னைப் பொறுத்தவரை, மிஷினை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. சுகர், பிரஷர், இதயத்தில் வால்வு ஆபரேஷன், பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்டு எழுத வேண்டும். சில வகை மிஷினைப் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. அதற்கப்புறம் ஈறை அளக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதற்குப் பேர் ப்ரோப். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் அதை மெதுவாக இறக்கி, ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் பார்ப்போம். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் பயமில்லை. நான்கு, ஐந்து என்று போனால், அதுவும் தொட்டதும் ரத்தம் வந்தால், ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை விழுந்திருக்கலாம். அளக்காமல் மிஷினை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியும் காரை போகும், பைக்குள் இருப்பது அப்படியே நிற்கும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சுகர் இறங்க அடம்பிடிக்கும். உங்கள் அம்மாவுக்கு இதை அளக்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

சந்து விழுந்ததற்குப் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். முறையாகச் செய்தால் மிஷின் பல்லைத் தேய்க்காது. அவ்வளவு நாள் காரை அடைத்திருந்த இடம் அது. காரை போய், ஈறு வீக்கமும் வற்றியதும் சந்து வெளியே தெரிகிறது. கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் இப்படிக் கலங்கியிருக்க மாட்டார்.

கருவியைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். ஒருவர் வாயில் போன கருவியைக் கழுவி, பவுச் என்ற மூடிய கவரில் போட்டு, ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். 121 டிகிரி என்றால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீராவி அழுத்தத்தில் இருக்க வேண்டும். பவுச்சில் இருக்கும் சின்ன அடையாளம் நிறம் மாறியிருக்கும். மிஷின் முனையும் இதில் சேர்த்திதான். "பவுச்சை என் முன்னாடி பிரிங்க" என்று சொன்னால் ஒழுங்காக வேலை செய்கிறவருக்குக் கோபம் வராது. பஞ்சால் துடைப்பது சுத்தமே இல்லை.

மேச்சேரி வாத்தியார்:

தங்கச்சி சொல்வது சரி. எங்கள் பக்கம் சேலம், தர்மபுரியில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தர்மபுரிப் பக்கம் வந்ததே இதற்காகத்தான். கறையோடு என் மகளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த ஹைஜீனிஸ்ட், "இது எனாமலுக்குள்ளேயே இருக்கு சார், கிளீனிங்ல போகாது, அதுக்குக் காசு கட்டாதீங்க" என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பினார். வர வேண்டிய காசைப் பார்க்காமல் உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணை எனக்கு மறக்காது.

கோபித் தோட்டத்துக்காரன்:

ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போகிறது. அதையும் அங்கே யாரும் கேட்கவில்லை. மறுபடி வேறு இடத்துக்குப் போனால் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

சிங்காநல்லூர் ஹைஜீனிஸ்ட்:

நீங்களாக ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள் அண்ணா. ஸ்டென்ட் வைத்தவர் அதை விட்டால் அடைப்பு வரலாம், ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியே நிறுத்திவிடலாம். இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஈறு சிறப்பு டாக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள், அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் முதலில் காட்டினாலும் சரி. காலையில் சாப்பிட வைத்து, சுகர் மாத்திரையும் கொடுத்துக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும், மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட்டும் சேர்த்து. அளந்த நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள், மூன்று மாதம் கழித்து அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும். பழைய கிளினிக்கில் கிளீன் செய்தவரின் பதிவு எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல மறுத்தால் கவுன்சிலுக்கு எழுதலாம், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.