சி.எஸ்.ஆர். இருந்தது, எஃப்.ஐ.ஆர். இல்லை

வாசலில் நிறுத்தியிருந்த பைக் ஒரு நாள் காலையில் இல்லை. தரையில் ஆயில் கறை மட்டும் இருந்தது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் ஒரு சீட்டில் நம்பர் போட்டு, சீல் குத்தித் தந்தார். "கேஸ் போட்டாச்சு" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். இன்சூரன்ஸ்காரர் அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "சார், இது சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்றார்.

சி.எஸ்.ஆர். என்பது மனு ரசீது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை என்றால் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும்: திருட்டுக்கு முன்பு இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 379, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 303. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மறுபடி நாலு நடை நடந்துதான் வாங்கினேன். வண்டி கிடைக்கவில்லை என்ற சான்றும் வேண்டுமாம். அதற்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

———

எங்கள் வீட்டில் குழப்பம் வந்தது 'சம்மன்' என்ற சொல்லால். அப்பா ஒரு சாலை விபத்தை நேரில் பார்த்தவர். ரொம்ப நாள் கழித்து கோர்ட்டிலிருந்து அவருக்குச் சம்மன் வந்தது. கொண்டுவந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார், அது போதாதா? பக்கத்து வீட்டு அத்தை, "மாமாவுக்கு வாரண்டாமே" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரித்துப் படித்தால், பெயருக்குப் பக்கத்தில் 'சாட்சி' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது!

சம்மன் என்றால் இன்ன தேதியில் வாருங்கள் என்ற அழைப்பு. வாரண்ட், அதாவது பிடியாணை, பிடித்துக்கொண்டு வா என்று போலீசுக்குப் போகும் உத்தரவு. ஆனால் சம்மனை மதிக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சாட்சிக்கும் வாரண்ட் வரலாம். அதனால் போனார். டவாலி, அதாவது கோர்ட் சேவகர், மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்பா எழுந்து நின்றார், வேறு தேதிக்குத் தள்ளி வாய்தா போட்டுவிட்டார்கள். மூன்றாவது தடவைதான் கூண்டில் ஏறினார்.

———

நான் மாட்டியது 'ஜாமீன்' என்ற சொல்லில். ஜாமீன் என்றால் வெளியே வருவது என்றுதான் நினைத்திருந்தேன். அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல் அது. இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவரைத்தான் முதலில் குறித்தது. "ஒரு கையெழுத்துதான் மச்சான்" என்றான் ஒரு வழக்கில் சிக்கிய நண்பன். வீட்டு வரி ரசீதோடு போய்ப் போட்டேன். அடுத்த வாய்தாவுக்கு அவன் வரவில்லை. பிணைத் தொகையை உங்களிடம் ஏன் வசூலிக்கக் கூடாது என்று எனக்கு நோட்டீஸ் வந்தது. அவனைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்திய பிறகுதான் மூச்சு வந்தது. வரி ரசீது இப்போது பீரோவில் இருக்கிறது, சாவி மனைவியிடம்.