இணையச் செய்தியாளர்: யாரைக் குறிக்கும்?

செ.: அன்பர்களே, இதழியல் மாணவர்களுக்கான பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சியான சிஎன்என் 2005 ஆகஸ்டில் 'சிச்சுவேஷன் ரூம்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது ஜாக்கி ஷெக்னர், ஆபி டாட்டன் இருவரையும் 'இன்டர்நெட் ரிப்போர்ட்டர்' என்றே அழைத்தது. வலைப்பதிவுகளில் என்ன ஓடுகிறது என்பதைத் திரையில் காட்டி விளக்குவது அவர்கள் வேலை. 'இணையச் செய்தியாளர்' என்று எழுதினேன். வகுப்பில், இணைய இதழில் எழுதுபவர் என்றே புரிந்துகொண்டார்கள். வேறு சொல் வேண்டும்.

ம.: 'இணையச் செய்தியாளர்' என்ற தொகைச்சொல்லை விரித்துப் பாருங்கள். இணையத்தின்கண் எழுதுபவரா, இணையத்தைப் பற்றிச் சொல்பவரா? இடையில் வரவேண்டிய உருபும் பயனும் மறைந்து நிற்பதால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. 'வலையொற்றர்' என்று வையுங்கள். ஒற்றரை வேந்தனுக்குக் கண் என்கிறது குறள், ஊடகத்துக்கும் அப்படித்தான்.

ந.: அதே அதிகாரத்தில் "உகாஅமை வல்லதே ஒற்று" என்றும் இருக்கிறதே! அறிந்ததை வெளியிடாதவர்தான் ஒற்றர். அறிந்ததை ஊருக்கே சொல்கிறவருக்கு அந்தப் பெயரா? 'நீதிமன்றச் செய்தியாளர்' என்றால் நீதிமன்ற ஊழியர் என்று எவரும் நினைப்பதில்லை. இருக்கும் சொல்லே போதும்.

ம.: நீதிமன்றம் வெறும் இடம், இணையம் ஊடகமும்கூட. 'தொலைக்காட்சிச் செய்தியாளர்' தொலைக்காட்சியில் பணியாற்றுபவர் அல்லவா? மாணவர்கள் அந்த வழியில்தான் பொருள் கொண்டார்கள்.

க.: 'இணைய நிருபர்' எனலாமே. நிருபம் என்றால் கடிதம். மன்னனைக் குறிக்கும் நிருபன் வேறு.

ம.: வேர் எதுவானாலும் வடசொல். 'செய்தியாளர்' வேரூன்றிய பிறகு எதற்கு?

க.: வடசொல் என்பதற்காக, நாளேடு படிக்கும் எவருக்கும் தெரிந்த சொல்லைத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது. சரி, 'இணையக்களச் செய்தியாளர்'? 2004-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டிய, அமெரிக்க அதிபர் புஷ்ஷின் படைப்பணி பற்றிய ஆவணங்களை, எழுத்துருவை வைத்தே வலைப்பதிவர்கள் போலியோ என்று ஐயுற்றார்கள். இணையம் தனிச் செய்திக்களம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ந.: களச் செய்தியாளர் என்றால் வெள்ளத்தில் மைக்குடன் நிற்பவர். இவர்கள் அரங்கத்தில் திரைமுன் நின்றவர்கள். 'இணையத்துறைச் செய்தியாளர்' என்றால் குழப்பமில்லை.

செ.: ஷெக்னர் பின்னர் நலவாழ்வுச் சீர்திருத்த இயக்கம் ஒன்றின் தகவல்தொடர்புப் பொறுப்பை ஏற்றார், அதன்பின் கரண்ட் டிவியில் செய்தி வாசித்தார். இதுவும் அதே பத்தியில் வருகிறது. முதல் வரியில் ஒற்றர் என்று எழுதினால், இயக்கத்துக்கு உளவு பார்த்தார் என்றே படிப்பார்கள். ஆகவே 'இணையத்துறைச் செய்தியாளர்' என்று எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். மூவர் உடன்பட்டால் போதும்.

க.: உடன்படுகிறேன். வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது.

ந.: நானும்.

ம.: நான் உடன்படவில்லை. 'துறை' என்றதும் இணைய நிறுவனங்களின் பங்குவிலை சொல்பவர் என்று நினைப்பார்கள். ஒற்றரை விட்டுவிடுகிறேன், 'இணையநோக்கர்' என்ற சொல்லை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லையே?