லைனுக்குப் போன கைக்கருவி: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நெல்லைக்காரன்:

கையடக்கக் கருவியில் பில் போட்டவர்கள், அதற்கு மென்பொருள் எழுதியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2004இல் திருநெல்வேலியில் சோப்பு, பிஸ்கட் விநியோகம் செய்யும் ஒருவருக்காக பாக்கெட் பிசியில் (விண்டோஸில் ஓடும் உள்ளங்கைக் கம்ப்யூட்டர்) பில் போடும் புரோகிராம் எழுதினேன். புரோகிராம் எழுத டாட் நெட் காம்பாக்ட் ஃபிரேம்வொர்க், டேட்டாவைச் சேமிக்க எஸ்க்யூஎல் சர்வர் சிஇ, அச்சடிக்க பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும், சூட்டால் எழுத்தைப் பதிக்கும் தெர்மல் பிரிண்டர். வேனில் சரக்கு ஏற்றி லைனுக்கு, அதாவது கடைகளைச் சுற்றும் வழக்கமான பாதையில் போய், கடை வாசலிலேயே பில் போட்டு இறக்க வேண்டும். சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து கிரேடிலில் (சார்ஜும் ஏற்றி கம்ப்யூட்டரோடும் இணைக்கும் தாங்கி) வைத்தால் அன்றைய கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

இன்றைக்கு ஆண்ட்ராய்டில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும்: அந்தக் கருவிகளில் புரோகிராம், டேட்டா இரண்டுமே ரேமில்தான் இருந்தன. பேட்டரி அடியோடு இறங்கினால் எல்லாம் போய், வாங்கிய அன்று இருந்த நிலைக்கு வந்துவிடும். 2005இல் விண்டோஸ் மொபைல் 5 வந்த பிறகுதான் டேட்டா, சார்ஜ் இறங்கினாலும் அழியாத ஃபிளாஷ் மெமரியில் தங்கியது. சார்ஜ் இறங்கினால் அழியும் என்பது எனக்கு அப்போதே தெரியும். தினமும் கிரேடிலில் வைப்பார்கள் என்று நம்பி அப்படியே விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள். ஐம்பது வயது சேல்ஸ்மேன் அண்ணன் ஒருவர் பாளையங்கோட்டை லைனை முடிக்க இரவாகிவிட்டது. ஆபீஸ் பூட்டியாயிற்று. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஐந்து நாள் கழித்து வந்து சார்ஜ் போட்டால், திரையில் ஒரு கூட்டல் குறி. குச்சியால் அதைத் தொடு என்கிறது. புதுக் கருவி முதல்முறை கேட்கிற அதே கேள்வி.

"நம்ம பில்லெல்லாம் எங்க தம்பி?" என்றார்.

38 பில். வசூல் பணம் அவரிடம் பத்திரமாக இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதுதான் இல்லை. அவர் வருடக்கணக்காகச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தவர். "இனி அது வேண்டாம்ணே" என்று சொன்னவன் நான். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

இரண்டு நாள் நாங்கள் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பில்லைக் கம்பியில் குத்தி வைக்கிற பழக்கம்தான் காப்பாற்றியது. ஆனால் தெர்மல் பேப்பர் ஆயிற்றே! டீ அடுப்புப் பக்கம் தொங்கிய பில் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. வெயில் படும் பெட்டிக்கடையில் எழுத்து வெளிறி, சாய்த்துப் பிடித்தால்தான் தொகை தெரிந்தது. ஓர் அண்ணாச்சி மட்டும் பில்லின் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் தொகையை எழுதி வைத்திருந்தார். "இந்தப் பேப்பர் நிக்காது தம்பி. மொத வாரமே கண்டுக்கிட்டேன்."

35 கணக்கு கிடைத்தது. மிச்சம் மூன்றையும் அண்ணன் மனதிலிருந்தே சொன்னார். வேன் இருப்போடு ஒத்துப் பார்த்தபோது சரியாக இருந்தது.

அந்த வாரமே மாற்றி எழுதினேன். பில் அச்சாவதற்கு முன்னால் எஸ்டி கார்டில் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் பில் வராது. கார்டில் 2577 என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் ஆட்டோரன் ஃபைல் போட்டால், கார்டைச் செருகியதும் தானே ஓடும். புரோகிராம் அழிந்தாலும் நடுரோட்டிலேயே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கோவை வாசி:

அந்த அண்ணாச்சி செய்ததுதான் சரியான பேக்கப். நான் இருந்தது ஐஸ்கிரீம் கிடங்கில், மைனஸ் 20 டிகிரி. பழைய விண்டோஸ் பார்கோடு ஸ்கேனர்களுக்கு 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றதும் ஆண்ட்ராய்டு கருவிக்கு மாறினோம். ஏசி அறையில் உட்கார்ந்து டெஸ்ட் பண்ணும்போது எல்லாம் அருமை. உள்ளே போனால் தடித்த கையுறைக்குத் திரை அசையவே இல்லை. பழையதில் அழுத்தினால் வேலை செய்யும் திரை, கூடவே நிஜப் பொத்தான். ஆட்கள் எண்ணிக்கையைப் பார்க்காமலே தட்டுவார்கள். புதியதில் கையுறையைக் கழற்றிக் கழற்றி ஒரு தம்பிக்கு விரல் நுனி வெடித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசே ஆறவில்லை. கடைசியில் பொத்தான் வைத்த மாடலுக்கே போனோம்.

இன்னொன்று: குளிரிலிருந்து வெளியே கொண்டு வந்தால் ஸ்கேனர் கண்ணாடி பனித்துவிடும், பார்கோடு படிக்காது. அதனால் இரண்டு கருவியை உள்ளேயே வைத்துவிட்டு பேட்டரியை மட்டும் மாற்றினோம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆனால் வேலை நிற்கவில்லை.

உங்கள் சேல்ஸ்மேன் அண்ணன் அப்புறம் கருவியைத் தொட்டாரா?

நெல்லைக்காரன்:

தொட்டார். நோட்டும் கூடவே இருந்தது, நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே வந்து ஒன்று கேட்டார். கடைப் பட்டியலை நான் அகர வரிசையில் வைத்திருந்தேன். கருவியில் தமிழ் எழுத்து வராது, எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில். ஒவ்வொரு கடைக்கும் தேடிக்கொண்டே நிற்க வேண்டும். "மார்க்கெட் முக்குல ஆரம்பிச்சு நான் நடக்கிற வரிசையில போடு தம்பி" என்றார். ஒருநாள் அவரோடு முழு லைனும் நடந்து வரிசையை எழுதி வந்தேன். மறுநாளிலிருந்து ஒரு பில் முடிந்ததும் அடுத்த கடை தானாகவே திரையில் நின்றது.