மக்காச்சோளத்தில் அட்ரசின் களைக்கொல்லி அடிக்கலாமா?

பெரம்பலூர் விவசாயி: முந்தாநாள் மக்காச்சோளம் ஊன்றினேன், ஓரமாக நாலு வரிசை உளுந்தும் போட்டிருக்கிறேன். கடைக்காரர் அட்ரசின் 50 சதத் தூளைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்கிறார். போன வருஷம் சாரணை மண்டிக் களையெடுப்புக் கூலியிலேயே பாதிப் பணம் போய்விட்டது. அடிக்கலாமா?

கரிசல்காட்டான்: உளுந்து இருக்கிற பக்கம் வேண்டவே வேண்டாம். மக்காச்சோளம் அந்த மருந்தைத் தனக்குள்ளேயே சிதைத்துவிடும், உளுந்துக்கு அந்தச் சக்தி கிடையாது, முளைத்த கையோடு இலை ஓரம் மஞ்சளாகிக் கருகிவிடும். ஊடுபயிர் இருந்தால் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லிதான்.

மானாவாரி மாமா: மக்காச்சோளம் மட்டும் உள்ள இடத்துக்கு ஏக்கருக்கு அந்தத் தூள் 200 கிராம், விதைத்த 3 முதல் 5 நாளுக்குள். மண்ணில் ஈரம் இருக்கணும் தம்பி, காய்ந்த மண்ணில் அடித்தால் காசுதான் வீண். விசிறி நாசில் போட்டு, அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கியே நடந்து வாங்க.

பெரம்பலூர் விவசாயி: சரி மாமா. கோரை போகுமா?

மானாவாரி மாமா: அதுக்கெல்லாம் இது அசையாது, கிழங்கோடு தோண்டு!